யாருக்கு ஊட்டுது?

முதல்லயே சொல்லிடுறேன், இது வாந்தியைப் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் இருக்கிறவங்க, கையைக் கழுவிட்டு அப்புறமா வாங்க. பதிவு எங்கேயும் ஓடிடாது.

போன மாசத்துல மட்டும் மூணு பேர் எங்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "எங்க வீட்டுக் கிளி தின்னதையெல்லாம் கக்குதுங்க, ஒண்ணும் ஆகாதில்ல?" மூணு பேருக்கும் தனித்தனியா போன்ல ஒரே கதையைச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. அதான் எழுதி வெச்சுட்டா அடுத்து கேக்கிறவங்களுக்குச் சுட்டியைக் கொடுத்துட்டுப் போயிடலாமேன்னு ஒரு சோம்பேறி யோசனை. இன்னொரு காரணமும் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னால சுத்திக்குங்க. வருஷம் 2016.

எம் பொண்ணு அப்போ ஒண்ணாங்கிளாஸ். கிளி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. பச்சைக்கிளியைக் கூண்டுல வளர்க்கிறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம், 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதுக்கு இடம் தராதுன்னு அவளுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போச்சு. கடைசியில ரெண்டு தரப்பும் ராஜியாகி, நீலக்கலர்ல ஒரு 'லவ் பேர்ட்ஸ்' வாங்கினோம். நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கிறது முக்கால்வாசி பட்ஜின்னு சொல்ற பட்ஜெரிகர்தான். சொந்த ஊரு ஆஸ்திரேலியா. ஜான் கூல்டுங்கிற பறவை ஆராய்ச்சியாளர் 1840-ல இங்கிலாந்துக்கு உயிரோட கொண்டுபோனதுலேர்ந்து உலகம் பூரா வீட்டுக்கு வீடு பரவிடுச்சு. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர், அவர் வேற வகை. ஆளு சின்னதா இருந்தாலும் பட்ஜியும் அசல் கிளி இனம்தான்.

பேரு சின்னான். எங்கம்மா வெச்ச பேரு. மூக்குக்கு மேல நீலமா இருந்ததால ஆண்னு கடைக்காரர் சொல்லியிருந்தார். தனியா இருக்கானேன்னு பாவப்பட்டு கூண்டுல ஒரு சின்னக் கண்ணாடியும் மணியும் மாட்டிவிட்டேன்.

ஒரு எட்டு மாசம் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். சின்னான் கண்ணாடி முன்னாடி நின்னு சாமி வந்த மாதிரி தலையை மேலயும் கீழயும் ஆட்டுறான். கழுத்தை நீட்டுறான், சுருக்குறான். கண்ணு பாப்பா சின்னதாகுது, பெருசாகுது. அப்புறம் வாயைத் திறந்து ஊறின தினையைக் கண்ணாடி மேல கக்கிட்டான். கக்கினதை அவனே திரும்ப எடுத்துத் தின்னான். திரும்பவும் கக்கினான்.

நான் அலறின அலறல்ல தங்கமணி கரண்டியோட ஓடி வந்துட்டாங்க. கூண்டு மேல துண்டைப் போட்டு, ஆட்டோ பிடிச்சு, பறவை பாக்கிற டாக்டரைத் தேடி அலைஞ்சு, நாய்களுக்கு நடுவுல முக்கால் மணி நேரம் உக்காந்து உள்ள போனேன். டாக்டரம்மா சின்னானைக் கையில எடுத்துப் பார்த்தாங்க. நெஞ்சைத் தடவினாங்க. எச்சத்தைப் பார்த்தாங்க. அப்புறம் எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"கூண்டுல கண்ணாடி இருக்கா சார்?"

"இருக்குங்க டாக்டர்."

"அதுக்குத்தான் ஊட்டுறான். உங்க பையனுக்குக் கல்யாண வயசு வந்தாச்சு."

வெளிய உக்காந்திருந்தவங்களுக்கும் கேட்டுடுச்சு. ஒருத்தர் கையில இருந்த பொமரேனியன்கூட என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. பறவைக்குத் தொண்டைக்குக் கீழ, நெஞ்சுக்கு மேல தீனிப்பைன்னு ஒண்ணு இருக்கு. தின்னது முதல்ல அங்கதான் போய்த் தங்கி ஊறும். சீரண நீர் சுரக்கிற வயிறு அடுத்தது, அதுக்கும் அடுத்தது அரைவைப்பை. தீனிப்பையில இருக்கிறதைத் தானா மேல கொண்டு வந்து ஊட்டுறது கிளி இனத்துக்கே உள்ள குடும்பக் கடமை. பொண்ணு முட்டை மேல உக்காந்துட்டா லேசுல எந்திரிக்காது. பட்ஜி முட்டை பொரிக்க ஏறக்குறைய 18 நாள். அத்தனை நாளும் ஆண்தான் தின்னுட்டு வந்து ஊட்டணும். குஞ்சு பொரிச்சா அதுக்கும் அதே வழிதான். அதனால இவன் பிழைக்கத் தெரிஞ்சவனா, பொண்டாட்டியைப் பட்டினி போடாதவனான்னு பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே சோதிச்சுப் பார்த்துக்கும். இவன் கண்ணாடிக்கு ஊட்டினதும் அந்தக் கணக்குலதான்.

ஜோடி இல்லாத கிளிக்குக் கண்ணாடி, மணி, பொம்மை, நம்ம கட்டைவிரல், எது மேல வேணா பிரியம் வரலாமாம். கண்ணாடியை எடுத்துடுங்க, ராத்திரி 10-12 மணி நேரம் இருட்டுல தூங்க விடுங்க, தடவிக் கொடுக்கணும்னா தலையும் கழுத்தும் மட்டும், முதுகுப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. முதுகைத் தடவினா அது வேற அர்த்தம் பண்ணிக்குமாம்!

வீட்டுக்கு வந்து சொன்னா தங்கமணி, "பாத்தீங்களா, அறிவு கெட்ட பறவைகூட ஊட்டுது. நீங்க எனக்கு ஒரு நாளாவது இட்லியைப் பிச்சு ஊட்டியிருக்கீங்களா?"ன்னாங்க. அவ்வ்வ்வ்.

இது வரைக்கும் மொக்கை. இனிமேதான் விஷயம்.

அந்த ஒரு தடவை ஆஸ்பத்திரி போயிட்டு வந்ததுல நான் பெரிய பறவை நிபுணர் ஆயிட்டேன். ஆபீஸ்ல, அடுக்ககத்துல, கல்யாண வீட்டுல, யாராவது கிளின்னு வாயைத் திறந்தா போதும். "கக்குதா? அட, அது லவ்வுங்க, பயப்படாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். எத்தனை பேருக்குச் சொன்னேன்னு இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது.

2019 தீபாவளிக்கு அப்புறம் சின்னானுக்குத் துணையா ஒரு மஞ்சள் பொண்ணு வந்தா. மஞ்சு. எம் பொண்ணு வெச்ச பேரு. அப்போ அவ நாலாங்கிளாஸ். ரெண்டும் ஒரே கூண்டு. புதுசா வந்த பறவையைக் கொஞ்ச வாரம் தனியா வெச்சுப் பார்த்துட்டுத்தான் சேர்க்கணும்னு அப்போ எனக்குத் தெரியாது. நிபுணர் இல்லையா.

சின்னான் மஞ்சுவுக்கு ஊட்டுவான். மூக்கோட மூக்கு கோத்து, தலையை ஆட்டி ஆட்டி, பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஒரு பொட்டுகூடக் கீழ சிந்தாது.

டிசம்பர் மாசம். காலையில அம்மாதான் முதல்ல பார்த்தாங்க.

"டேய், மஞ்சு தலையெல்லாம் ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்குடா. எண்ணெய் வெச்ச மாதிரி."

போய்ப் பார்த்தேன். உச்சந்தலை முடி நாலு கத்தையா விறைச்சு நிக்குது. கூண்டுக் கம்பியில, பக்கத்துச் சுவத்துல அங்கங்க தினை ஒட்டிக் காஞ்சிருக்கு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மஞ்சு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெடுக்குனு உதறினா. ரெண்டு மூணு தினை பறந்துச்சு.

"லவ்வும்மா. ஊட்டுறதும் வாங்குறதுமா இருக்குதுங்க. விடு"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன்.

அம்மா விடல. அடுத்த நாள், "அது பகல்ல தூங்குதுடா"ன்னாங்க. அதுக்கு அடுத்த நாள், "இறகைப் புஸ்ஸுனு உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, குளுருதோ என்னவோ"ன்னாங்க. மார்கழிக் குளிரும்மான்னேன். "தீனிக் கிண்ணத்தை விட்டு நகர மாட்டேங்குது, ஆனா நெஞ்செலும்பு தெரியுதே"ன்னாங்க. நல்லாத்தானே திங்குதுன்னேன். அம்மா எது சொன்னாலும் எங்கிட்ட ஒரு பதில் ரெடியா இருந்துச்சு. எல்லாப் பதிலும் அந்த ஒரு ஞாயித்துக்கிழமை கத்துக்கிட்டதுலேர்ந்து வந்ததுதான்.

ஆறாவது நாள் மஞ்சு கொம்பை விட்டு இறங்கி கூண்டுத் தரையில உக்காந்துட்டா. அப்பதான் எனக்கு நெஞ்சு திக்குனு ஆச்சு. அதே டாக்டரம்மாகிட்ட ஓடினேன்.

"கக்குதுங்க டாக்டர், ஒரு வாரமா. ஜோடி இருக்கிறதால நான் லவ்வுன்னு..."

"யாருக்கு ஊட்டுச்சு?"

"என்ன டாக்டர்?"

"இது பொண்ணு. பெரும்பாலும் ஆண்தான் ஊட்டும். சரி, இது கக்கினப்போ முன்னாடி யாரு இருந்தா? ஆணைப் பார்த்துக் கக்குச்சா, பொம்மை மேல கக்குச்சா?"

யோசிச்சுப் பார்த்தேன். மஞ்சு மூலையில தனியா உக்காந்துதான் தலையை உதறினா. சின்னான் வேற கொம்புல இருந்தான்.

"யாருக்கும் இல்லைங்க."

"அப்ப அது லவ் இல்ல சார்."

இவ்வளவுதான் சொன்னாங்க. திட்டவெல்லாம் இல்ல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

தராசுல வெச்சா 24 கிராம். நம்மூரு பட்ஜி சாதாரணமா 30-லேர்ந்து 40 கிராம் இருக்கும். நமக்கு ஆறு கிராம்ங்கிறது ஒரு ஸ்பூன் சக்கரை. அதுக்கு அஞ்சுல ஒரு பங்கு உடம்பு. எச்சத்துல தினை முழுசா அப்படியே வந்திருந்துச்சு, அரையவே இல்ல. அந்த எச்சத்தைக் கண்ணாடித் துண்டுல தடவி மைக்ராஸ்கோப்ல வெச்சு என்னையும் பார்க்கச் சொன்னாங்க. நீள நீளமா, வைக்கோல் துண்டு மாதிரி கிடந்துச்சு. அதுக்கு மேக்ரோராப்டஸ்னு பேரு. ரொம்ப வருஷம் அதைப் பெரிய சைஸ் பாக்டீரியான்னு நினைச்சு மெகாபாக்டீரியான்னே கூப்பிட்டிருக்காங்க. அப்புறம்தான் அது ஈஸ்ட் வகைப் பூஞ்சைன்னு தெரிஞ்சுது. வயித்துக்கும் அரைவைப்பைக்கும் நடுவுல குடியேறிச் சீரணத்தைக் கெடுத்துடும். பறவைக்குப் பசி அடங்காது. கிண்ணத்துலயே உக்காந்து தினையைக் கடிச்சுக் கடிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கும், உள்ள போறது கொஞ்சம்தான். பார்க்கிறவனுக்கு நல்லாத் திங்கிற மாதிரியே தெரியும்.

பூஞ்சைக்கான மருந்தை டாக்டரம்மாவே ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க. கதகதப்பா வைக்கச் சொன்னாங்க. கூண்டுல மூணு பக்கம் துணி மூடி, ஒரு பக்கம் 40 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு, பொண்ணும் நானும் மாத்தி மாத்தி முழிச்சோம். ரெண்டு நாள் தெம்பா இருந்த மாதிரி தெரிஞ்சுது. மூணாம் நாள் விடியக்காலையில, பக்கத்துக் கோயில்ல திருப்பாவை போட்ட நேரம், மஞ்சு போயிட்டா.

தொட்டியில செம்பருத்திக்கு அடியில புதைச்சோம். எம் பொண்ணு அழல. மண்ணை மூடின பிறகு கேட்டா:

"நீங்க லவ்வுன்னு சொன்னீங்களேப்பா?"

இன்னிக்கு வரைக்கும் அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

சின்னானையும் சோதிச்சாங்க. அவன் எச்சத்துலயும் அது இருந்துச்சு. இந்தப் பூஞ்சை இருந்தும் வெளிய ஒரு அறிகுறியும் காட்டாத பறவைங்க இருக்குமாம். யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னாங்க. அவனுக்குக் காலத்துல மருந்து கொடுத்ததால தப்பிச்சான். அன்னிலேர்ந்து தினமும் காலையில தீனிக்கு முன்னாடி சமையல் தராசுல ஏத்தி, காலண்டர்ல எடையை எழுதி வெப்போம். 36, 36, 35, 36. ஒரு தடவை 33-க்கு இறங்கினப்போ அவன் கக்கவே இல்ல, பாட்டுகூடப் பாடிக்கிட்டுதான் இருந்தான். ஆனா நாங்க ஓடிட்டோம். திரும்பவும் அதே பூஞ்சை தலைதூக்கியிருந்துச்சு. மருந்து கொடுத்துக் காப்பாத்திட்டோம். 2023 வரைக்கும் வாழ்ந்துட்டுத்தான் போனான்.

சரி, போன்ல மூணு பேருக்குச் சொன்னதை இங்க வரிசையா எழுதிடுறேன்.

ஊட்டுற கிளி எப்பவும் 'யாருக்கோ' ஊட்டும். எதிர்ல ஜோடியோ, கண்ணாடியோ, உங்க விரலோ இருக்கும். தலை மேலயும் கீழயும் தாளம் போடும். கழுத்து நீளும். வர்றது ஊறின தானியம், ஒரு இடத்துல குவியலா இருக்கும். சில சமயம் தானே திரும்பத் தின்னுடும். முடிச்ச கையோட பாடும், விளையாடும், திங்கும். எடை குறையாது. எச்சம் எப்பவும் போல இருக்கும்.

வாந்தி எடுக்கிற கிளிக்கு எதிர்ல யாரும் வேணாம். தலையைப் பக்கவாட்டுல உதறும். அதனால தலை, முகம், கம்பி, சுவரு எல்லாம் தெறிச்சு ஒட்டியிருக்கும். தலைமுடி பிசுபிசுப்பா நிக்கும். சளி மாதிரி வரலாம், புளிச்ச நாத்தம் அடிக்கலாம். உப்பிக்கிட்டு உக்காரும், பகல்ல கண்ணை மூடும், மூச்சுக்கு மூச்சு வாலு ஆடும். எச்சம் மாறும், முழுத் தானியம் வரும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில தட்டுப்படும். இதுல ஒண்ணு ரெண்டு தெரிஞ்சாலே அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும். பறவைங்க நோயை முடிஞ்ச வரைக்கும் மறைச்சு வெக்கும், காட்டுல சோர்ந்து தெரிஞ்சா கழுகு தூக்கிடுமே. நம்ம கண்ணுக்குத் தெரியும்போது நோய் பாதி தூரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

காரணம் பூஞ்சை மட்டும்தான்னு இல்ல. தொண்டையையும் தீனிப்பையையும் புண்ணாக்குற ட்ரைக்கோமோனாஸ்னு ஒரு கிருமி, கேண்டிடா, துத்தநாகம் பூசின கம்பியையோ ஈயத்தையோ கடிச்சதால வர்ற நஞ்சு, தீனிப்பை அடைப்பு, அவகேடோ பழம் தின்னது, இப்படி நிறைய இருக்கு. வெறும் தினையே தின்னு வளர்ற பட்ஜிக்கு அயோடின் பத்தாம தைராய்டு வீங்கி, அது அழுத்தியும் கக்கும். பெரிய கிளிங்களுக்கு போர்னா வைரஸால வயிறு வீங்கிச் செயலிழக்கிற நோய் ஒண்ணு உண்டு. இதையெல்லாம் வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. கடைல கிடைக்கிற மஞ்சப் பவுடரைத் தண்ணியில கலந்து கொடுத்துப் பார்க்கலாம்னு தோணும். வேணாம். பாக்டீரியா மருந்து பூஞ்சையைத் தொடாது, சில சமயம் வளர்த்தும் விட்டுடும்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மூணு வேலை. கக்கும்போது செல்போன்ல வீடியோ எடுத்துக்குங்க. அங்க போனா அது நல்ல பிள்ளையா உக்காந்திருக்கும், வீடியோதான் சாட்சி. கூண்டுக்கு அடியில வெள்ளைத்தாள் போட்டு அன்னன்னிக்கு விழுந்த எச்சத்தை எடுத்துட்டுப் போங்க. வழியெல்லாம் கதகதப்பா வைங்க, வாயில தண்ணியை ஊத்தாதீங்க, புரையேறிடும்.

முதல்ல சொன்ன இன்னொரு காரணம் என்னன்னா, அந்த மூணு பேர்ல ஒருத்தர் கிளி செல்போனுக்கு ஊட்டிக்கிட்டிருந்துச்சு. போன்ல பேசிச் சிரிச்சுட்டு வெச்சுட்டோம். இன்னொருத்தர் கிளிக்கு நிஜமாவே வாந்தி. அவர் எங்கிட்ட சொல்லும்போது, "நீங்கதானே அன்னிக்குக் கல்யாண வீட்டுல லவ்வுன்னு சொன்னீங்க, அதான் நாலு நாளா விட்டுட்டேன்"ன்னார். அன்னிக்குச் சாயங்காலமே நானும் கூடப் போனேன். கிளி பிழைச்சுக்கிச்சு. ஆனா நான் எங்கெங்கயோ சிரிச்சுக்கிட்டே சொன்னது இன்னும் எத்தனை வீட்டுல உக்காந்திருக்கோ. அத்தனை பேரையும் தேடிப்பிடிக்க முடியாது. இந்தப் பதிவு யார் வழியாவாவது அவங்க கண்ணுல படட்டும்.

அம்மாவுக்கு இப்ப எண்பது ஆகப்போகுது. கூண்டு காலியாத்தான் இருக்கு, வேற பறவை வாங்கல. தராசு சாம்பார் பொடி நிறுக்கப் பயன்படுது. போன வாரம் எதிர்வீட்டுப் பையன் அவங்க கிளி கக்குதுன்னு ஓடி வந்தான். நான் சட்டையை மாட்டிக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள உள்ளேர்ந்து அம்மா குரல் வந்துச்சு.

"யாருக்கு ஊட்டுதுன்னு கேளுடா மொதல்ல."

பி.கு.: தினை தின்னுட்டு உமியைக் கிண்ணத்துலயே போடுற ஜாதி இதுங்க. கிண்ணம் நிறைஞ்சிருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. தினமும் ஒரு தடவை ஊதிப் பாருங்க. உமி பறந்த பிறகு மிச்சம் இருக்கிறதுதான் தீனி.